பழம் காத்திருக்காது

மலேசியாவில், சிலாங்கூரிலுள்ள எங்கள் பெஸ்தாரி ஜெயாவில் ஒட்டுக்கடை, கேட்டரிங், லாரி, ஒர்க்‌ஷாப் என்று சொந்தத் தொழில் செய்கிற நம் பிள்ளைகள் என்னைப் பார்த்தால் ஒரே மாதிரிதான் குறைபட்டுக்கொள்கிறார்கள். "வியாபாரம் இருக்குக்கா. காலையில நாலு மணிக்கு எழுந்து ராத்திரி வரைக்கும் ஓடுறோம். ஆனா ஒண்ணும் நேரத்துக்கு முடியமாட்டேங்குது." சொல்லி முடித்த கையோடு, இன்னொரு ஆள் போடலாமா, புது மிஷின் எடுக்கலாமா, கடன் எங்கே கிடைக்கும் என்று பேச்சு போய்விடும்.

நான் ஒரு செம்பனை எண்ணெய் மில்லில் வேலை செய்கிறேன். லாரியை எடை போடும் வெய்பிரிட்ஜில் கிராணியாக (எழுத்தராக) சேர்ந்தவள், இப்போது உற்பத்திக் கணக்கு பார்க்கிறேன். வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேரமாக ஆப்பரேஷன்ஸ் மேனேஜ்மென்ட், அதாவது தொழில் இயக்க நிர்வாகம், படித்தேன். சாயங்காலம் வகுப்பில் கேட்டதை மறுநாள் காலை மில்லில் கண்ணால் பார்க்கிற பாக்கியம் எனக்குக் கிடைத்தது. அந்தப் படிப்பில் எனக்கு மிஞ்சியது இதுதான். ஆள் எவ்வளவு ஓடுகிறார் என்று பார்ப்பதற்கு முன்னால், பொருள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். காசும் நேரமும் நிற்கிற இடத்தில்தான் போகின்றன.

இது நம் ஊருக்குப் புதுப் பாடமும் இல்லை. ஊரைப் பழைய பெயரில் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லிப் பழகிய நம் தாத்தா பாட்டிமார் பால்மரக் (ரப்பர்) காட்டில் இந்தப் பாடத்தைச் செய்துகாட்டியவர்கள். இருட்டோடு பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, போனார்கள். விடியற்காலையில் மரத்துக்குள் நீரழுத்தம் கூடுதலாக இருக்கும், பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறையும். சேர்த்த பாலை உறைவதற்குள் ஸ்டோருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். உறையாமலிருக்க அமோனியா விடுவார்கள். உறைந்துவிட்டால் அது கட்டிப்பால், விலையும் இறங்கிவிடும். ஒரு நாளின் மொத்த வேலையும் அந்த ஒரு பயத்தைச் சுற்றித்தான் அடுக்கப்பட்டிருந்தது. எத்தனை மணிக்கு எழுவது, யாருக்கு எந்த நிரை, பிள்ளையை ஆயாக்கொட்டகையில் எப்போது விடுவது, எல்லாமே பால் உறையும் நேரத்துக்குக் கட்டுப்பட்டவை.

பிறகு செம்பனை வந்தது. எங்கள் ஊர்ப் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-இல் ஹென்றி ஃபோக்கொனியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவைச் செய்தார். நூறு ஆண்டுக்கு மேலாகிவிட்டது. பயிர் மாறியதே தவிர, அவசரம் மாறவில்லை. குலையை வெட்டிக் கீழே போட்டதும் பழம் அடிபடுகிறது. அடிபட்ட இடத்தில் லைப்பேஸ் என்ற நொதி எண்ணெயைப் பிரித்துக் கொழுப்பமிலமாக்கத் தொடங்குகிறது. கச்சா எண்ணெயில் அந்த அமிலம் 5 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது சந்தையின் தரம். நீராவியில் வேகவைத்தால்தான் அந்த நொதி அடங்கும். அதனால்தான் வெட்டிய பழத்தை 24 மணி நேரத்துக்குள் வேகவைத்துவிட வேண்டும் என்று மில்லில் அடித்துக்கொள்கிறோம். காட்டில் கிடந்தாலும், லாரியில் இருந்தாலும், மில் வாசலில் வரிசையில் நின்றாலும் பழத்துக்கு எல்லாம் ஒன்றுதான். அது காத்திருக்காது.

ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரைக்கும் பழம் குவியும் காலம். அப்படி ஒரு பருவத்தில் எங்கள் மில்லில் லாரி வரிசை கேட்டைத் தாண்டி மெயின் ரோடு வரைக்கும் போய்விட்டது. வெய்பிரிட்ஜ்தான் மெதுவாக இருக்கிறது, இன்னொன்று போட வேண்டும் என்று மேலே பேச்சு நடந்தது. அப்போது அங்கே உட்கார்ந்திருந்தவள் நான். ஒரு லாரியை எடை போட்டு டிக்கெட் கொடுக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. வரிசையில் நின்ற ஒரு பெரிய டிரைவர் அண்ணன் ஜன்னல் பக்கம் வந்து தேநீர் கிளாஸை வைத்துவிட்டுச் சொன்னார், "தராசுல ஒண்ணும் நிக்கலம்மா. உள்ள கொட்ட எடமில்ல. அதான் நாங்க ரோட்டுல நிக்கிறோம்."

அவர் சொன்ன வழியே உள்ளே போய்ப் பார்த்தேன். லாரிகள் பழம் கொட்டுகிற மேடையான ரேம்ப் நிறைந்திருந்தது. ஏன் என்றால், பழத்தைக் கீழே வாங்கிக்கொள்ளக் காலி கேஜ் (தண்டவாளத்தில் ஓடும் கூண்டு வண்டி) இல்லை. கேஜ் ஏன் காலியில்லை என்றால், நிரப்பியவை பழத்தை வேகவைக்கும் ஸ்டெரிலைசருக்கு வெளியே நின்றன. அந்தப் பக்கம் போனால் வேறு உலகம். குலையிலிருந்து பழத்தை உதிர்க்கும் த்ரெஷர் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது, எண்ணெய் பிழியும் பிரஸ் பக்கத்து ஆள் பழத்துக்காகக் காத்திருந்தார். ஒரு பக்கம் லாரி ரோடு வரை நிற்க, இன்னொரு பக்கம் மிஷின் பசியோடு நின்றது. நடுவில் இருந்த ஒரே இடம் ஸ்டெரிலைசர்.

அங்கே ஒரு ஷிப்டு முழுக்க நின்றேன். ஆள் நுழையும் அளவுக்கு உயரமான, நீளமான இரும்புப் பீப்பாய் அது. தண்டவாளத்தில் கேஜ்கள் உள்ளே போகும், கதவு பூட்டப்படும், ஏறத்தாழ 3 பார் அழுத்தத்தில் 130, 140 டிகிரி நீராவியில் ஒன்றரை மணி நேரம் வேகும். அந்த ஒன்றரை மணியில் யாரும் கை வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. வெந்து முடிந்ததும் நீராவியை வெளியேற்றி, மானி சுழிக்கு வந்த பிறகே கதவைத் திறக்க வேண்டும். இதில் ஒரு நிமிடம்கூடத் திருடக்கூடாது, உயிர் போகிற விஷயம். நான் கவனித்தது அதற்குப் பிறகு நடந்ததை. கதவு திறந்தது. வெந்த கேஜை இழுக்கக் கயிறு வேண்டும். கயிறு அடுத்த ஸ்டெரிலைசர் பக்கம் கிடந்தது. கொக்கியைத் தேடி ஒருவர் போனார். வெந்தவை வெளியே வந்தன. உள்ளே போக வேண்டிய கேஜ்களில் கடைசி இரண்டு இன்னும் ரேம்புக்கு அடியில் நிரம்பிக்கொண்டிருந்தன. அவை வந்து, தண்டவாளத்தில் நேராகி, உள்ளே போய், கதவின் ரப்பரை ஒருவர் துடைத்துப் பார்த்து, மறுபடி பூட்டும்போது அரை மணி நேரம் ஓடிவிட்டது. எல்லாரும் வேர்வை வழிய வேலை செய்தார்கள், சோம்பேறி என்று ஒருவரைக்கூடச் சொல்ல முடியாது. ஆனாலும் அந்த அரை மணி நேரம் மொத்த மில்லும் நின்றது.

மறுநாள் ஃபோர்மன் அண்ணனிடம் குறிப்பைக் காட்டினேன். அவர் பெரிதாக எதையும் பேசவில்லை. வேகிற ஒன்றரை மணிக்குள் அடுத்த கேஜ்கள் முழுவதும் நிரம்பிக் கதவுக்கு எதிரே வரிசையில் நிற்க வேண்டும், ஒவ்வொரு கதவுக்கும் தனிக் கயிறு, தனிக் கொக்கி, அது அந்தத் தூணிலேயே தொங்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். அரை மணி நேரம் கால் மணியானது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 90-உம் 30-உம் சேர்ந்து 120 நிமிடத்துக்கு ஒரு தடவை வெந்தது, இப்போது 105 நிமிடத்துக்கு ஒரு தடவை வேகிறது. அதே ஸ்டெரிலைசர், அதே ஆட்கள், அதே நீராவி. உற்பத்தி மட்டும் 14 விழுக்காடு கூடுதல். வெய்பிரிட்ஜ் பேச்சு தானாக அடங்கியது.

ஜப்பானில் ஷிகியோ ஷிங்கோ என்பவர் இதைத்தான் ஒரு கலையாக ஆக்கியிருக்கிறார். டொயோட்டா தொழிற்சாலையில் 1,000 டன் பிரஸ் ஒன்றில் அச்சை மாற்ற 4 மணி நேரம் ஆகிக்கொண்டிருந்தது. மிஷின் நின்றால்தான் செய்ய முடியும் என்கிற வேலை எது, மிஷின் ஓடும்போதே வெளியே முடித்துவைக்கக்கூடிய வேலை எது என்று அவர் இரண்டாகப் பிரித்தார். முதலில் அது 90 நிமிடமானது, பிறகு 3 நிமிடத்துக்கு வந்தது. இயற்பியல் படித்த எலியாகு கோல்ட்ராட் 1980-களில் இதன் மறுபக்கத்தை அழுத்திச் சொன்னார். எல்லாம் நெருங்கி நிற்கிற இடுக்கான இடத்தில் ஒரு மணி நேரம் போனால் முழுத் தொழிற்சாலைக்கும் ஒரு மணி நேரம் போனது போல. இடுக்கில்லாத இடத்தில் ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தினால் எதுவும் மிச்சமாகாது. இந்த இரண்டாவது பாதியைத்தான் முதலாளிமார் ஏற்றுக்கொள்ள மறுக்கிறார்கள். எந்த இடத்தில் வேகம் கூடினாலும் நல்லதுதானே என்று நினைக்கிறார்கள். நல்லதில்லை. பிரஸ் இன்னும் வேகமாக ஓடினால் என்ன, அதற்குப் பழம் வர வேண்டுமே.

இந்த இடுக்கு ஓரிடத்தில் நிலையாக இருப்பதும் இல்லை. என் அம்மா இளவயதில் தோட்டத்தில் மகரந்தப் பொடி அடிக்கும் வேலை செய்தவர். ஆண் பூவின் மகரந்தத்தைப் பவுடரோடு கலந்து பெண் பூவில் தூவுவார்கள், மரம் மரமாக, நாள் முழுக்க. அப்போது பூவில்தான் இடுக்கு. 1981-இல் கெமரூனிலிருந்து ஒரு சின்ன வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். ஆப்பிரிக்கக் காட்டில் செம்பனைக்கு மகரந்தம் சேர்ப்பது காற்று அல்ல, இந்த வண்டுதான் என்று ரஹ்மான் சையத் என்ற பூச்சியியல் அறிஞர் ஆராய்ந்து சொன்னதன் பலன் அது. வண்டு பரவியதும் குலைகளில் காய்ப்பிடிப்பு கூடியது, கொட்டையும் கூடியது, அம்மாவின் கூட்டம் உரம் போடுகிற வேலைக்கு மாற்றப்பட்டது. இடுக்கு பூவிலிருந்து வெட்டுகிற ஆளிடம், லாரியிடம், மில்லிடம் நகர்ந்தது. ஒரு முடிச்சை அவிழ்த்தவர்கள் அடுத்த முடிச்சு எங்கே விழப்போகிறது என்று அன்றைக்கே தேடத் தொடங்க வேண்டும்.

வரிசையைப் பற்றிச் சுருக்கமாக இரண்டு கணக்கு சொல்கிறேன், எந்தக் கடைக்கும் உதவும்.

முதலாவது ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்தது. உள்ளே இருக்கும் எண்ணிக்கை என்பது வருகிற வேகத்தையும் ஒன்று தங்கும் நேரத்தையும் பெருக்கினால் கிடைப்பது. எங்கள் மில் வளாகத்தில் சராசரியாக 18 லாரி நிற்கிறது, மணிக்கு 12 லாரி வந்து போகிறது என்றால், ஒரு லாரி ஒன்றரை மணி நேரம் உள்ளே இருக்கிறது. யாரும் ஸ்டாப்வாட்ச் பிடிக்க வேண்டியதில்லை. ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் தம்பிமார் இதைச் செய்து பாருங்கள். கடைக்கு முன்னால் சராசரியாக எத்தனை மோட்டார் சைக்கிள் நிற்கிறது, ஒரு நாளைக்கு எத்தனை முடிந்து போகிறது? 15 மோட்டார் நிற்கிறது, ஒரு நாளில் 5 முடிகிறது என்றால், நாளைக்கே தருகிறேன் என்று வாடிக்கையாளரிடம் சொல்வது நடக்காத காரியம். சராசரியாக 3 நாள் ஆகும்.

இரண்டாவது கணக்குக்கு வேர் கோப்பன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த எர்லாங் 1909-இல் வெளியிட்ட ஆய்வு. வருகிற நேரமும் வேலை பிடிக்கிற நேரமும் முன்கூட்டித் தெரியாமல் ஏறி இறங்கும்போது, ஒரே ஆள் இருக்கும் கவுண்டரில் அவர் 80 விழுக்காடு நேரம் வேலையாக இருந்தால், வருகிறவர் காத்திருக்கும் நேரம் ஒரு வேலைக்கு ஆகும் நேரத்தைப்போல் சராசரியாக 4 மடங்கு. 90 விழுக்காடு என்றால் 9 மடங்கு. 95 என்றால் 19 மடங்கு. கவுண்டர் ஆளைக் கொஞ்சம் கூடுதலாக நெருக்கினோம், வரிசை ஒரேயடியாக வளர்ந்துவிட்டது. நம் ஊரில் ஒருவர் ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தால் அவர் சம்பளம் வீண் என்று நினைக்கிற பழக்கம் இருக்கிறது. தோட்டத்திலிருந்து வந்த பழக்கம் அது. கங்காணி கண்ணுக்கு முன் யாரும் சும்மா நிற்கக் கூடாது. அந்த ஐந்து நிமிடம்தான் அடுத்து வருகிற அவசரத்தைத் தாங்குகிறது. அதை வெட்டி எடுத்தால் காத்திருக்கப்போவது வாடிக்கையாளர். இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம்கூட வருகிறது, ஏனென்றால் வரிசை வளர்ந்த பிறகும் திட்டு வாங்குவது அதே ஆள்தான்.

திட்டு என்றதும் உதிரிப்பழம் பொறுக்குகிறவர்கள் ஞாபகம் வருகிறார்கள். 100 கிலோ குலையிலிருந்து ஏறத்தாழ 20 கிலோ எண்ணெய் வரும். மில் எவ்வளவு நல்ல மில்லாக இருந்தாலும் பழத்தில் இல்லாத எண்ணெயை எடுக்க முடியாது. நன்றாகப் பழுத்துத் தானாக உதிர்ந்த பழத்தில்தான் எண்ணெய் நிறைய. அந்தப் பழம் புல்லுக்குள்ளும் மட்டை இடுக்கிலும் கிடக்கும். குனிந்து, ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சாக்கில் போட வேண்டும். முன்பு நம் அக்காமார் செய்தார்கள், இப்போது இந்தோனேசியாவிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் வந்தவர்கள் செய்கிறார்கள். மொத்தத் தொழிலில் எண்ணெய் மிகுந்த பழத்தைத் தொடுகிறவருக்குத்தான் மதிப்பும் கூலியும் குறைவு. ஜப்பானில் தறி கண்டுபிடிப்பாளரான சாக்கிஷி டொயோடா தன் தறியை, ஒரு நூல் அறுந்தாலே தானாக நிற்கும்படி அமைத்தார். பிழை பிறந்த இடத்திலேயே பிடிபட வேண்டும் என்பது அதன் பொருள். செம்பனையில் அந்த இடம் மரத்தடி. காயை வெட்டாதே, உதிர்ந்ததை விடாதே என்று மரத்தடியில் பார்த்துக்கொள்கிறவருக்கு நல்ல கூலி கொடுத்தால், மில்லில் நாங்கள் பாதி சண்டை போட வேண்டியிருக்காது.

இனி என் அக்கா கடை.

அக்காவும் அத்தானும் தாமான் (குடியிருப்பு) முகப்பில் காலையில் இடியாப்பம் விற்கிறார்கள். தொழிற்சாலை பஸ் பிடிக்கிறவர்கள், தோட்டத்துக்குப் போகிறவர்கள், பள்ளிப்பிள்ளைகள், மோட்டாரை நிறுத்தாமலே "புத்து மாயாம் டுவா" என்று மலாயில் இரண்டு இடியாப்பம் கேட்கும் மலாய்க்காரச் சகோதரர்கள் என்று ஐந்தரையிலிருந்து ஏழரை வரை கூட்டம் தாங்காது. ஒரு பொட்டலத்தில் மூன்று இடியாப்பம், துருவிய தேங்காய், நாட்டுச் சர்க்கரை, விலை 3 வெள்ளி (ரிங்கிட்). வரிசையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறவர்கள் அதிகமானார்கள். அக்கா பிழிகிற மிஷின் வாங்க முடிவு செய்து, கூட்டு என்கிற சீட்டில் போட்டிருந்த பணத்தையும் எடுத்துவிட்டாள்.

"மிஷின் இருந்தா ரெண்டு மடங்கு வேகம்னு சொல்றாங்கடி," என்றாள்.

"வாங்குக்கா. ஆனா ஒரு காலையில நான் வந்து நின்னு பாக்கறேன், அப்புறமா வாங்கு," என்றேன்.

நோட்டோடு போய் நின்றேன். அக்கா பிரம்புத் தட்டில் ஓர் இடியாப்பம் பிழிய ஏறத்தாழ 15 விநாடி. அதாவது மணிக்கு 240. ஆவி வைக்கும் பாத்திரத்தில் ஒரு தடவைக்கு 24 தட்டு, வேக 10 நிமிடம், இறக்கி ஏற்ற 2 நிமிடம், மணிக்கு 120. அதற்கு மேல் பேச வேண்டியதே இல்லை. பிழிந்த தட்டுகள் பாத்திரத்துக்குப் பக்கத்தில் அடுக்கி நின்றன, மேல்தட்டு காற்றில் காய்ந்து நூல் முறிய ஆரம்பித்திருந்தது. மிஷின் வந்தால் அந்த அடுக்கு இன்னும் உயரும், விற்கிற பொட்டலம் ஒன்றுகூடக் கூடாது. பாத்திரத்துக்கு முன்னால் நின்றபோது ஸ்டெரிலைசருக்கு முன்னால் நின்றதுதான் நினைவுக்கு வந்தது. இரண்டிலும் ஆவிக்கு முன்னால்தான் எல்லாம் நிற்கிறது.

இரண்டாவது பாத்திரமும் அடுப்பும் வாங்கினார்கள், மிஷின் விலையில் ஒரு சிறு பங்குதான். அடுத்த 24 தட்டைத் தனிப் பலகையில் தயாராக வைத்திருக்க அத்தான் பழகிக்கொண்டார். மணிக்கு 40 பொட்டலம் வந்த இடத்தில் 80 வருகிறது. இப்போது பிழிவதும் வேகவைப்பதும் சமமாகிவிட்டன, அக்காவின் தோள்பட்டை வலி எடுக்கிறது. இப்போதுதான் மிஷினுக்கு நேரம் வந்திருக்கிறது, நானே வாங்கச் சொல்லிவிட்டேன். அந்தத் தோளை இன்னும் பல வருஷம் வைத்துக்கொள்ள வேண்டும்.

எத்தனை பொட்டலம் போடுவது என்பதில் அத்தானுக்கும் அக்காவுக்கும் நித்தம் சண்டை. மிஞ்சினால் அக்காவுக்கு மனசு ஆறாது, அதனால் குறைத்தே போடுவாள். எட்ஜ்வொர்த் என்ற பொருளியலாளர் 1888-இல், வங்கி எவ்வளவு ரொக்கம் கையில் வைத்திருக்க வேண்டும் என்று யோசித்த கணக்கு இதற்கு அப்படியே பொருந்தும். பொட்டலத்துக்குப் பொருள் செலவு 1 வெள்ளி 20 காசு. ஒன்று குறைந்தால் 1 வெள்ளி 80 காசு லாபம் போகிறது, ஒன்று மிஞ்சினால் 1 வெள்ளி 20 காசு செலவு போகிறது. 1.80-ஐ இரண்டும் சேர்ந்த 3.00-ஆல் வகுத்தால் 0.6. பத்துக் காலையில் ஆறு காலை, கேட்டவர்கள் எல்லாருக்கும் கிடைக்கிற அளவுக்குப் போட வேண்டும். அந்த ஆறு நாளில் ஏதோ கொஞ்சம் மிஞ்சும், மிஞ்சுவதுதான் சரி. ஒரு பொட்டலமும் மிஞ்சாத கடை, வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கும் கடை.

இந்தக் கணக்குக்கு விற்றது எவ்வளவு என்பது போதாது, கேட்டது எவ்வளவு என்பது வேண்டும். அக்காவிடம் விற்ற கணக்கு மட்டும் இருந்தது. இப்போது தீர்ந்த பிறகு வந்து கேட்கிற ஒவ்வொருவருக்கும் காலண்டர் தாளில் ஒரு கோடு போடுகிறாள். அந்தக் கோடுகளிலிருந்து நிறையத் தெரிந்தது. விடியற்காலை மழை என்றால் தோட்டத்து ஆட்கள் குறைவு. சம்பளம் போட்ட வாரம் ஒருவரே மூன்று நான்கு வாங்குகிறார். தைப்பூசத்துக்கு விரதம் இருக்கும் நாட்களில் நாசி லெமாக் பக்கம் போகிறவர்கள் இங்கே வருகிறார்கள். பள்ளி விடுமுறையில் ஏழு மணிக் கூட்டம் காணாமல் போகிறது.

சரக்கு வாங்குவதிலும் ஒரு விதி சொன்னேன், 1913-இல் ஃபோர்ட் ஹாரிஸ் எழுதியது. தேவை நான்கு மடங்கானால் ஒரு தடவை வாங்கும் அளவை இரண்டு மடங்காக்கினால் போதும். அரிசி மாவுக்கும் சர்க்கரைக்கும் அது சரி. தேங்காய்க்குச் செல்லாது, துருவிய தேங்காய் வெயில் வருவதற்குள் புளித்துவிடும், அதனால் கடையில் வைத்துத்தான் துருவ வேண்டும். கேஸ் சிலிண்டர் மட்டும் எப்போதும் ஒன்று கூடுதலாக இருக்கட்டும் என்றேன்.

போன வாரம் ஒரு கல்லூரி கேண்டின் நடத்துகிறவர் வந்து, தினமும் காலை ஏழரைக்குள் 200 பொட்டலம் தர முடியுமா என்று அக்காவைக் கேட்டார். வீட்டில் ஒரே சந்தோஷம். மூன்று பேரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். நாலரைக்கு அடுப்பு பற்றவைத்தால் ஏழரைக்குள் மூன்று மணி நேரம், 240 பொட்டலம். கடையில் அந்த நேரத்துக்குள் 150 போகிறது. மிச்சம் 90.

"அப்ப தொண்ணூறுன்னு சொல்லிடலாம்," என்றார் அத்தான்.

"தொண்ணூறு வேணாங்க அத்தான்," என்றேன். "தொண்ணூறு ஒத்துக்கிட்டா அடுப்புக்கு மூச்சு விட நேரம் இருக்காது. ஒரு நாள் கேஸ் தீரும், ஒரு நாள் மாவு கட்டியாவும். அன்னிக்கு நம்ம கடை வரிசையும் நிக்கும், கேண்டின் பிள்ளைங்களும் நிக்கும்."

அக்கா கொஞ்ச நேரம் காலண்டர் தாளைப் பார்த்துவிட்டு, "அறுபது," என்றாள். "மிஷின் வந்து, மூணாவது பாத்திரம் வச்ச பிறகு மீதியைப் பேசலாம்."

கேண்டின்காரர் அறுபதுக்குச் சம்மதித்துவிட்டார், திங்கட்கிழமை தொடக்கம். எனக்கு இப்போது கண் பொட்டலம் கட்டுகிற மேசை மேல் இருக்கிறது. தேங்காயையும் சர்க்கரையையும் தனித்தனிச் சின்னப் பையில் போட்டுக் கட்ட அத்தானுக்கு நேரம் பிடிக்கிறது. அறுபது கூடினால் அடுத்த இடுக்கு அங்கேதான் விழும் என்று நினைக்கிறேன். சர்க்கரைப் பைகளை முதல் நாள் சாயங்காலமே கட்டிவைக்கச் சொல்லியிருக்கிறேன், அது கெடாது. திங்கட்கிழமை காலை நாலரைக்கு நோட்டோடு அங்கே போகிறேன்.